ஒரு சாண் தூரத்துப் பந்து

ஆகஸ்ட் 29, செவ்வாய்

காலை முழுக்கக் களை பிடுங்கினோம். எனக்கும் உபுகாதாவுக்கும் ஒரே வரிசை. எங்கள் கோல்ஃப் மைதானத்தில் விருந்தினரின் மட்டைப் பையை இழுக்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. வயது அறுபத்திரண்டு. மூச்சு விடாமல் பேசுகிறார், களை வேரோடு வருகிறது. எனக்கு நாற்பத்தெட்டு. வாயே திறப்பதில்லை, களை பாதியில் அறுகிறது.

மதியம் செகியாவின் குழு. சிமெண்ட் கம்பெனியில் இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர், வாரம் மூன்று நாள் வருகிறார். இங்கே வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பந்து குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டால் கூட ஆடுகிறவர்கள் “ஓகே” என்பார்கள். இனி உருட்ட வேண்டாம், விழுந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். நான் குனிந்து பந்தை எடுத்து, துடைத்துக் கொடுப்பேன். பன்னிரண்டு வருடமாக.

செகியாவின் சாண் சுமோ வீரனின் சாண். இன்று ஒன்றரை மீட்டரில் நின்ற பந்துக்குத் தனக்குத்தானே “ஓகே” சொல்லிக்கொண்டார். நான் எடுத்துவிட்டேன். கைக்குக் காது இருக்கிறது. என்னைக் கேட்பதில்லை.

அடுத்த வாரம் இங்கே பெண்களின் தேசியப் பெரும்போட்டி. கிளப் உறுப்பினர்கள் தொண்டு வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வீராங்கனை அடிக்கும்போது கூட்டத்தை அடக்க “அமைதி” என்று எழுதிய பலகையைத் தூக்கிப் பிடிக்கும் வேலை, வாய் ஓயாத செகியாவுக்கு. இதை முடிவு செய்தவர் யார் என்று தெரிந்தால் கை குலுக்கலாம்.

செப்டம்பர் 4, திங்கள்

சொந்தமாகப் பையாள் இல்லாத வீராங்கனைகள் பதினான்கு பேர். நாங்கள் பதினைந்து பேர். உபுகாதா தன் வெயில் தொப்பியில் சீட்டுக் குலுக்கினார். வெற்றுச் சீட்டு எனக்கு.

“சிரிக்கவே மாட்டியே நீ. இன்னிக்கு என்ன பல்லெல்லாம் தெரியுது?” என்றார் உபுகாதா.

நான்கு நாளும் சமையலறையில் தேநீர் ஊற்றலாம். வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 5, செவ்வாய்

மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிற்கவில்லை. யாரோ ஒருத்திக்கு மணிக்கட்டு வலி, விலகிவிட்டாள். காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருத்தி வருகிறாள். பையாள் இல்லை. மிச்சமிருப்பது நான்.

பெயர் ஹானே குராமோச்சி. வயது முப்பத்தொன்று. மற்றவர்கள் காரில் வந்து இறங்க, இவள் ரயில் மாறி, பஸ் மாறி, தன்னைவிடப் பெரிய பையை உருட்டிக்கொண்டு வந்தாள். வாயில் பாதி சோற்றுருண்டை.

“உங்க பையாள் எங்கே?” என்று கேட்டேன்.

“ஜூன்ல இன்னொரு பொண்ணோட பையைத் தூக்கப் போயிட்டான். பை மட்டும்தான்னு சொன்னான். அப்புறம் பார்த்தா பை மட்டும் இல்ல.”

“போன வருஷம் தரவரிசையில எத்தனையாவது?”

“தொண்ணூத்தெட்டு.”

“இந்த வருஷம்?”

“எண்ணறதை நிறுத்திட்டாங்க, அக்கா.”

பதினோரு வருடம் ஆடி ஒரு கோப்பைகூட இல்லை. இதுதான் கடைசிப் போட்டியாம். வருகிற திங்கள் காலை எட்டு மணிக்கு ஒதவாராவில், மீனை அரைத்து அவிக்கும் மீன் கேக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டும். சீருடைகூடத் தைத்துவிட்டார்கள், சட்டையில் அவள் பெயரோடு.

“நல்ல வேலையா?”

“குளிர்சாதன அறை. கோல்ஃபை விட நல்லது. வெயில் இல்ல, மணல் இல்ல, மீன் நான் சொன்ன இடத்துல இருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஆடுகளத்தைப் பார்த்ததும் சோற்றுருண்டையை மெல்ல மறந்துவிட்டாள்.

செப்டம்பர் 6, புதன்

பயிற்சி நாள். குழியைச் சுற்றி ஒட்ட மழித்த புல்தரை இருக்கிறதே, அந்த கிரீனில் பந்து எந்தப் பக்கம் சாயும் என்பதுதான் இங்கே எல்லாருடைய தலைவலியும். ட்சுகுபா மலைக்கு முதுகு காட்டிப் பந்து ஓடும் என்பது ஊர் நம்பிக்கை. செகியா முதல் கிளப் தலைவர் வரை எல்லாரும் முதலில் மலையைப் பார்த்துவிட்டுத்தான் மட்டையை எடுப்பார்கள்.

நான் நிலவியல் படித்தவள். மண் பரிசோதனை நிறுவனம் மூடப்படும்வரை அதுதான் என் வேலை. மலைக்கும் பந்துக்கும் எந்தப் பகையும் கிடையாது. இந்த நிலம் தண்ணீர் வடிவதற்காகப் பழைய குளத்தை நோக்கிச் சரிக்கப்பட்டது. பந்து போவதும் அங்கேதான். பன்னிரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விருந்தினரைத் திருத்துவது என் வேலை இல்லை.

இவள் கேட்டாள். சொன்னேன். ஒன்பது உருட்டலில் ஏழு விழுந்தன.

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“மலை மேல பக்தியா இருக்காங்க.”

செப்டம்பர் 7, வியாழன்

முதல் நாள். கோல்ஃபில் எத்தனை தடவை அடித்தோம் என்பதுதான் கணக்கு, குறைந்தால் நல்லது. நிர்ணயித்ததைவிட இரண்டு அடி குறைவாக முடித்தாள். ஒரு நாள் யாருக்கும் வாய்க்கும்.

செப்டம்பர் 8, வெள்ளி

இன்றோடு பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவளை அனுப்பவில்லை. ஒன்பதாவது இடம்.

சிக்கல் என்னவென்றால், தன்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்து விடுதி அறையை இன்று வரைதான் எடுத்திருக்கிறாள். ஊரில் வேறு அறை இல்லை. உபுகாதா எல்லார் எதிரிலும் என்னைக் காட்டி, “இசோபே வீட்ல ஒரு ரூம் காலியாத்தானே கிடக்கு,” என்றார். நன்றி, உபுகாதா.

செப்டம்பர் 9, சனி

காலையில் என் சமையலறையில் புளிக்கவைத்த சோயா நட்டோவைப் போட்டு மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டாள். பிறகு போய் முதலிடத்துக்கு வந்துவிட்டாள்.

முதலிடம். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன், அப்படித்தான் எழுதியிருக்கிறேன். போன வருடச் சாம்பியன் ஷிராகியைவிட ஓர் அடி முன்னால்.

பத்திரிகைக்காரர்களிடம் இவள் படம் ஒன்றுகூட இல்லை. வாகன நிறுத்தத்தில் நிற்க வைத்து எடுத்தார்கள். ஒருவர் என்னிடம், “நாளைக்கு ஜெயிப்பாங்களா?” என்றார். “வாய்ப்பு குறைவு,” என்றேன். உண்மை அதுதானே? பக்கத்தில் நின்ற ஹானே, “இவங்க என் ரசிகர் மன்றத் தலைவி,” என்றாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. ஆனால் எழுதாவிட்டால் இது வேறு மாதிரி நினைவில் தங்கிவிடும்.

பத்தாவது குழி தாண்டியதும் ஹானேயின் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன. பன்னிரண்டுக்குப் பிறகு பேச்சில்லை. மட்டையைக் கேட்கக்கூட விரலால்தான் காட்டினாள். ஆனாலும் ஷிராகியும் வழியில் சில அடிகளை வீணாக்கியதில், பதினேழாவது குழிக்கு வரும்போது இரண்டு அடி முன்னிலை.

அங்கே அவள் உருட்டிய நீண்ட பந்து குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. ஷிராகி தன் உருட்டலை முடிக்கட்டும் என்று ஹானே ஒதுங்கி நின்றாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கயிற்றுக்குப் பின்னால் “அமைதி” பலகையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்ற செகியா, தெளிவாக, நிறைந்த மனதோடு சொன்னார்:

“ஓகே.”

நான் குனிந்தேன். பந்தை எடுத்தேன். துண்டால் துடைத்தேன்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஷிராகியின் பையாள் வாயைத் திறந்தபடி நிற்கிறான். ஹானேயின் முகம்— அதை எழுத மாட்டேன்.

போட்டியில் ‘ஓகே’ செல்லாது, இருந்த இடத்தில் குறி வைக்காமல் பந்தை எடுத்தால் ஓர் அடி தண்டனை. குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஏண்டி குனிஞ்ச? எத்தனை வருஷமா அந்தப் பொண்ணு அலையறா, ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியாதா உன்னால? அந்த ஆள் சொன்னா நீ ஏன் கேக்கற?

நடுவர் வந்தார். “பந்தை எடுத்தது யார்?”

“நான்.”

“குறி வெச்சீங்களா?”

“இல்லை.”

“ஏன் எடுத்தீங்க?”

பதில் இருந்தது. கயிற்றுக்குப் பின்னால் பலகையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றது. சொல்லவில்லை. “பழக்கம்,” என்றேன்.

தண்டனை ஓர் அடி. பந்தைத் திரும்ப வைக்கச் சொன்னார்கள். ஹானே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“அக்கா,” என்றாள், பேச்சே வரவில்லை அவளுக்கு. “தொடச்சு வேற விட்டீங்க.”

சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர அப்படி ஒரு சிரிப்பு. ஷிராகிகூடத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் வரவில்லை.

ஷிராகி பிசகாமல் முடித்தாள், ஹானேயும் அந்த ஒரு சாணை உருட்டி முடித்தாள். முன்னிலை ஓர் அடி. ஒரே ஒரு குழி பாக்கி.

பதினெட்டில் ஷிராகி தன் பங்கைக் குறையில்லாமல் முடித்துவிட்டாள். ஹானேயின் பந்து கிரீனில், குழிக்குப் பன்னிரண்டு மீட்டர். இரண்டு உருட்டலில் முடித்தால் கோப்பை. மூன்றானால் சமன், மறு ஆட்டம்.

“எந்தப் பக்கம் போகும்?” என்றாள்.

“என்னைக் கேக்காதே.”

“வேற யாரைக் கேக்கறது? பலகைத் தாத்தாவையா?”

மலை வலப்பக்கம் நின்றது. ஊர் நம்பிக்கைப்படி பந்து இடப்பக்கம் ஓட வேண்டும். பழைய குளமும் அதே வலப்பக்கம்தான், மலைக்கு முன்னால், பள்ளத்தில். கால்களைப் புல்லில் ஊன்றிப் பார்த்தேன். எத்தனை மழைக்குப் பிறகு இங்கே தண்ணீர் தள்ளியிருக்கிறேன். அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

“மலையை மறந்துடு. ரெண்டு முழம் இடப்பக்கம் தள்ளி அடி. தானா வலப்பக்கம் இறங்கும்.”

அடித்தாள். கூட்டம் “ஐயோ” என்றது, எல்லாரும் மலை பக்தர்கள். பந்து இடப்பக்கமாகப் போய், யோசித்து, குளத்தை நோக்கித் திரும்பி, இறங்கி, இறங்கி, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

என் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் மாதிரி. செகியா இங்கேயும் வந்திருந்தார். பலகையைத் தன் வாய்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ஹானே பந்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அக்கா, ஓகேவா?”

“இல்லை. போய் முடி.”

போய் முடித்தாள்.

அந்தச் சிரிப்புதான் ஜெயிக்க வைத்தது என்று நாளை பத்திரிகையில் வரும். நான் நம்பவில்லை. இரண்டு அடியில் ஜெயித்திருக்க வேண்டியவள் ஓர் அடியில் ஜெயித்தாள். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அவள் தோள்கள் இறங்கிவிட்டிருந்தன. அதைப் பார்த்தேன். பார்த்ததை எழுதாமல் விடுவது நேர்மை இல்லை.

செப்டம்பர் 11, திங்கள்

மதிய இடைவேளையில் ஹானேயிடமிருந்து போன். பின்னால் இயந்திரச் சத்தம்.

“எங்கே இருக்கே?”

“தொழிற்சாலைல. வரமாட்டேன்னு போன்ல சொல்றது மரியாதை இல்லையே, நேர்ல வந்தேன். மேலாளர், ‘தெச்ச துணியை ஒரு நாளாவது போட்டுட்டுப் போம்மா’ன்னார். காலையிலேருந்து மீன் கேக் அடுக்கறேன்.”

“கோப்பை?”

“சாப்பாட்டு அறையில. ஆளுக்கு ஒரு வாய் அதுல தேநீர் குடிச்சுப் பாக்கறாங்க.”

செப்டம்பர் 14, வியாழன்

செகியா ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்தார். பைக்காரிகள் அறை வாசலில் நின்று தரைவரை குனிந்தார். நான்கு நாளாகச் சோறு இறங்கவில்லையாம். நடுவரிடம் அவர் பெயரை நான் சொல்லவில்லையே, அதை எப்படி மறப்பாராம். பரவாயில்லை என்றேன். உபுகாதா ஒரு பழத்தை அங்கேயே நறுக்கினார்.

முதல் துண்டு முடியும்வரை செகியா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது துண்டில், “யோசிச்சுப் பாரும்மா, நான் சொன்னதாலதானே அந்தப் பொண்ணு சிரிச்சுது?” என்றார். மூன்றாவது துண்டில், “ஒரு விதத்துல அந்தக் கோப்பையில எனக்கும்—”

உபுகாதா தட்டை இழுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 26, செவ்வாய்

ஹானேயின் கடிதம். நவம்பர் கடைசியில் மியாசாகியில் ஒரு போட்டி, அந்த வருடம் கோப்பை வென்றவர்களுக்கானது. நான் பை இழுக்க வர வேண்டுமாம்.

“அக்கா, அந்த ஊர்ல எனக்கு மலையும் தெரியாது, குளமும் தெரியாது. நீங்க வந்து எதையும் நம்பாம இருந்தா போதும்.”

என்ன அபத்தம்? தொழில்முறைப் பையாட்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், இப்போது வரிசையில் நிற்பார்கள். தேசியத் தொலைக்காட்சியில் பந்தைத் துடைத்த ஆள் நான். மாட்டேன் என்று பதில் எழுதி, தபால் தலையும் ஒட்டிவிட்டேன்.

செப்டம்பர் 27, புதன்

தபால் பெட்டியைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். கடிதம் பைக்குள்ளேயே இருக்கிறது.

செப்டம்பர் 29, வெள்ளி

மியாசாகி மண்ணைப் பற்றி நூலகத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் இருந்தது. எரிமலைச் சாம்பல். தண்ணீர் நிற்காது.

சும்மா பார்த்தேன்.

அக்டோபர் 19, வியாழன்

நல்ல வெயில். செகியா குழு. நான்காவது குழியில் செகியாவின் பந்து நின்றது. உண்மையாகவே ஒரு சாண்தான், குறை சொல்ல முடியாது. மற்ற மூவரும் “ஓகே” என்றார்கள்.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

செகியா காத்திருந்தார். பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“என்னம்மா, ஓகே சொன்னாங்களே. கேக்கலையா?”

“கேட்டுதுங்க.”

“அப்புறம்? இன்னும் கோபமா?”

“கோபமெல்லாம் இல்லீங்க. பழகிக்கறேன். அடுத்த மாசம் மியாசாகி போறேன்.”

செகியா வழக்கம்போல மலையைப் பார்த்தார். பிறகு, எதற்கோ, குளத்தின் பக்கமும் பார்த்தார். மட்டையை எடுத்து உருட்டினார். தவறியது. இன்னொரு தடவை, அதுவும் தவறியது. மூன்றாவதில் பந்து உள்ளே விழுந்தது, சின்னச் சத்தத்தோடு. அந்தச் சத்தத்தை அவர் வெகுகாலமாகக் கேட்டிருக்க மாட்டார் போல. கொஞ்ச நேரம் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மெதுவாகக் குனிந்து, அவரே எடுத்தார்.