எரிகோ மதிலும் உன் வகுப்பும்

நேற்றுக் காலை ஆலய வாட்சப் குழுவில் எரிகோவின் இடிந்த மதில் படமாக வந்தது. தோண்டிப் பார்த்து வேதாகமத்தை நிரூபித்துவிட்டார்கள் என்று கீழே எழுதியிருந்தது. அதன்கீழ் வரிசையாகக் கும்பிடும் கைகள். உன் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும். செத்துப் போனவளோடு சண்டை பிடிக்கவும் முடியாதே.

புதன்கிழமை வேதப் படிப்பை அப்போது நீதான் நடத்தினாய். வாவிப் பக்க யன்னல்களைத் திறந்துவைத்து, எருசலேமில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட குளத்தைப் பற்றிச் சொன்னாய். யோவான் சுவிசேஷத்தில் எழுதிய பெதஸ்தா குளம் அதுதானாம், அவர் சொன்ன ஐந்து மண்டபங்களுக்கும் அடையாளம் இருக்கிறதாம். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த கிழமை எரிகோ, யோசுவாவின் சனம் சுற்றிவந்து ஆர்ப்பரித்ததும் மதில் விழுந்ததாக வேதம் சொல்லும் பட்டணம். யோசுவாவின் காலத்துக்கு வெகு முன்பே அந்த மதில் விழுந்துவிட்டதாகத் தோண்டியவர்களில் பலர் நினைக்கிறார்கள், வாதம் இன்னும் முடியவில்லை என்றாய். சபைக் குழுத் தலைவர் எழுந்து, அப்படியென்றால் வேதம் பொய்யா என்று கேட்டார்.

"பொய்யெண்டு நான் சொல்லல்ல ஐயா. குளத்துக்கு மண்ண நம்பினம். மதிலுக்கு மட்டும் நம்பாம விடேலா."

அடுத்த புதன் வகுப்பு உன்னிடம் இல்லை. நான் சபைக் குழுவிடம் போய் வாதாடினேன். சனங்களின் விசுவாசம் கெட்டுவிடும் என்ற ஒரே பதில்தான். நீயோ ஒன்றும் நடவாததுபோல் கடைசி வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்தாய். இன்னும் ஏன் வருகிறாய் என்று வீதியில் வைத்தே கத்தினேன். அப்போதுதான் வாகரையில் கடலோரம் இருந்த உன் வீட்டைப் பற்றிச் சொன்னாய். சுனாமிக்குப் பிறகு மணலைக் கிளறிக் கிளறிக் அடுப்பிருந்த குசினித் தரையைக் கண்டுபிடித்தாயாம். அம்மாவின் அறை இருந்த இடத்தில் ஒன்றுமே அகப்படவில்லையாம்.

"ஒண்டும் கிடைக்கல்ல எண்டதுக்காக அம்மா அங்க இருக்கல்லையா? கிடைக்காதத கிடைச்சதெண்டு சொல்லவும் எனக்கு ஏலா. ரெண்டையும் வச்சுக்கொண்டுதான் செபம் பண்றன்."

அப்போதும் என் கோபம் போகவில்லை. உன் அடக்க ஆராதனையில், உன்னை ஒதுக்கியவர்களே உன் விசுவாசத்தைப் புகழ்ந்து பேசியபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நடத்த வேறு ஆளில்லாமல் இப்போது வகுப்பு என் கையில். நேற்று அந்தப் படத்தின் கீழே, இது தீர்ந்த விஷயமல்ல என்று எழுதினேன். தலைவர் உடனே அழைத்து அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை. இனி வகுப்பும் என் கையைவிட்டுப் போகலாம்.

இந்தப் புதனும் போவேன். வேதத்தில் எந்த அதிகாரத்தைத் திறந்தாலும், மண் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்கும் பழக்கம் உன்னால் ஒட்டிக்கொண்டது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். கோபத்தோடுதான் சொல்வேன், உன்னைப்போல் அமைதியாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.