கொன்ஸ்ரன்ரைனின் பெயரில் புதைக்கப்பட்டிருப்பவர்

அனுப்புநர்:
செபமாலை டினோஜா,
கடற்கரை வீதி,
பேசாலை, மன்னார்.

பெறுநர்:
சட்டமா அதிபர் அவர்கள்,
சட்டமா அதிபர் திணைக்களம்,
கொழும்பு 12.

விடயம்: பேசாலைச் சேமக்காலையில் கொன்ஸ்ரன்ரைன் என்ற பெயரில் புதைக்கப்பட்டுள்ள எலும்புகளைத் தோண்டியெடுத்து மரபணுப் பரிசோதனை செய்வித்தல், அதுவரை அக்குழிக்குக் காவல் வழங்கல், ஆயுள் தண்டனைக் கைதி செபமாலை றொட்னியின் வழக்கை மீள ஆராய்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பேசாலையில் முன்பள்ளி ஆசிரியையாக வேலை செய்கிறேன். வயது இருபத்தைந்து. என் அண்ணன் றொட்னி, தன்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கொன்ஸ்ரன்ரைனைக் கொன்று அடம்பனில் ஒரு கிணற்றில் போட்டார் என்ற குற்றத்துக்காக 2013 இல் ஆயுள் தண்டனை பெற்றார். மேன்முறையீடு 2016 இல் தள்ளுபடி செய்யப்பட்டது. அந்தக் கிணற்றில் கிடந்தவர் கொன்ஸ்ரன்ரைன் அல்ல என்று நம்புவதற்கு எங்களிடம் காரணங்கள் உண்டு. இரக்கம் கேட்டு இதை எழுதவில்லை. ஒரு பரிசோதனை கேட்டு எழுதுகிறேன்.

2. கொன்ஸ்ரன்ரைன் 2009 தொடக்கத்தில் மன்னார் நகருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. அதற்கு முந்திய கிழமை கிழிந்த வலை ஒன்றைப் பற்றி அவருக்கும் அண்ணனுக்கும் கரையில் வாக்குவாதம் நடந்தது. அண்ணன், "உன்னைத் தாட்டுப்போடுவன்", அதாவது புதைத்துவிடுவேன், என்று கத்தியதைப் பலர் கேட்டார்கள். வழக்கில் கொலைக்கான நோக்கம் என்று காட்டப்பட்டது இதுதான். பேசாலைக் கரையில் இந்த வசனத்துக்குத் தண்டனை கொடுப்பதென்றால் ஊரில் ஓர் ஆண்பிள்ளையும் வெளியில் இருக்க முடியாது.

3. போர் முடிந்தபின், 2010 இல் அடம்பன் பக்கம் மீள்குடியேற்றம் நடந்தது. கடலுக்குப் போவதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தபடியால் எங்கள் ஊர் இளைஞர் சிலர் தண்ணீர்ப் பம்பியோடு அங்கே போய், திரும்பி வந்த குடும்பங்களின் கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்து கூலி பெற்றார்கள். அண்ணனும் போனார். ஆவணி மாதத்தில், சேற்றுக்கும் தகரங்களுக்கும் அடியில், ஒரு மனிதனின் எலும்புகள் அவர் கையில் தட்டுப்பட்டன. மற்றவர்கள் மூடிவிட்டுப் போவோம் என்றார்கள். அண்ணன் மறுத்து, எலும்புகளை மீன்கூடையில் வைத்து மேலே ஏற்றிவிட்டுப் பொலிஸுக்குத் தானே போய் அறிவித்தார். கண்டெடுத்து அறிவித்தவரையே அவர்கள் கைது செய்தார்கள்.

4. எலும்புகளோடு ஒரு மாதா பதக்கம் இருந்தது. அதைப் பற்றித் தங்களுக்கு விளக்க வேண்டும். ஏனென்றால் தீர்ப்பு அதில்தான் நிற்கிறது. எங்கள் ஊரில் அறியாத பிணம் ஒன்று வலையில் வந்தால், அதை முதலில் தொட்டவர் தன் கழுத்துப் பதக்கத்தைக் கழற்றி அதன்மேல் வைப்பார். யார் பெற்ற பிள்ளையோ, எந்தச் சமயமோ, அது பார்ப்பதில்லை. கேட்பாரற்றுக் கிடந்தவருக்கு ஓர் ஆள் கிடைத்தது என்பதற்கு அது அடையாளம். அண்ணன் கிணற்றடியில் அதைத்தான் செய்தார். நீதிமன்றத்திலும் அப்படியே சொன்னார். அன்று அவரோடு கிணற்றடியில் நின்றவர்கள் பயத்தில் சாட்சி சொல்ல வரவில்லை. அரச தரப்பு வழக்குரைஞர் சிரித்தார். அண்ணன் அதை எங்கள் பேச்சில் சொன்னார், அது மொழிபெயர்ப்பில் சிங்களத்துக்குப் போய்த் திரும்பி வந்தபோது, கொலை செய்தவன் மனச்சாட்சி உறுத்திப் பதக்கம் வைத்தான் என்றோ, செத்தவனின் கழுத்தில் கிடந்ததே அது என்றோ எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. நீதிமன்றம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அந்தப் பதக்கத்தின் நைலோன் நூலில் ஒரு துளி பாசி இருக்கவில்லை. ஒன்றரை வருடம் கிணற்றில் கிடந்த நூல் எப்படி அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

5. கேட்கப்படாதவை வேறும் உண்டு. 2009 இல் எங்கள் ஊர் இருக்கும் மன்னார்த் தீவிலிருந்து பெருநிலத்திலுள்ள அடம்பனுக்கு ஒரு சைக்கிள்கூடச் சோதனைச் சாவடிகளில் நிற்காமல் போக முடியாது. சோற்றுப் பார்சலையும் அவிழ்த்துப் பார்த்த காலம். ஓர் ஏழை மீனவர் அந்தச் சாவடிகளையெல்லாம் கடந்து ஒரு பிணத்தை எதில் ஏற்றிக் கொண்டுபோனார்? கிணறு இருந்த காணியில் அக்காலத்தில் ஒரு முகாம் இருந்தது. யாருடைய முகாம் என்பதை நான் எழுதவில்லை. தாங்கள் அறிவீர்கள்.

6. எலும்புகளைக் கொன்ஸ்ரன்ரைனுடையவை என்று அடையாளம் காட்டியவர் அவருடைய தாயார் அன்ரோனெற். அவருக்கு எலும்புகள் காட்டப்படவில்லை. பதக்கத்தை மட்டும் காட்டி, உங்கள் மகனுடையதா என்று கேட்டார்கள். எங்கள் கோயில் திருவிழாவில் வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்ட பதக்கம் அது. என் கழுத்திலும் கிடக்கிறது. அவர் ஓம் என்றார். ஏன் சொன்னீர்கள் என்று சென்ற ஆடி மாதம் அவரிடம் நேரில் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆத்துமாக்கள் திருநாளிலை எல்லாரும் சேமக்காலைக்குள்ளை மெழுகுதிரி கொழுத்த, நான் வாசல் மதிலிலை ஒண்டை ஒட்டிப்போட்டு நிண்டனான் பிள்ளை. எனக்கு ஒரு குழி வேணுமாயிருந்தது. உன்ர கொண்ணனைப் பிடிப்பாங்கள் எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்சாப் பிறகு மாத்திச் சொல்லப் பயம்." நான் அவரைத் திட்டத்தான் போனேன். திட்ட முடியவில்லை.

7. வழக்கில் சாட்சியமளித்த சட்ட வைத்திய அதிகாரி, இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முன்பொருகால் முறிந்து, கோணலாகப் பொருந்தியிருந்தது என்று சொன்னார். நான் அப்போது மேல்வகுப்பு மாணவி. பள்ளிக்கூடச் சட்டையோடு பின்வரிசையில் இருந்து அதைக் கேட்டேன். கொன்ஸ்ரன்ரைனுக்குக் கால் முறிந்ததா என்று அவருடைய தாயாரிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் மகன் ஒருநாளும் கால் முறிந்து படுக்கவில்லை. ஊரே அறியும், அவர் எங்கள் விளையாட்டுக் கழகத்தில் பந்தடித்தவர்.

8. இந்த வருடம் மன்னார் நகரில் கண்டுபிடிக்கப்பட்ட மனிதப் புதைகுழி தோண்டப்படுவதைப் பார்க்கப் போனேன். வேலியருகே நின்றவர்களில் அடம்பனைச் சேர்ந்த வசந்தமலர் என்ற அம்மாவும் ஒருவர். கணவரைத் தேடி வந்திருந்தார். கணவர் பரமநாதன், வயல் செய்தவர். 2009 கடைசியில் தன் வயலைப் பார்த்து வருவதாகத் தனியே போனவர், திரும்பவில்லை. அடையாளம் ஏதும் உண்டா என்று சும்மா கேட்டேன். உழவு இயந்திரத்திலிருந்து விழுந்து இடது கால் முறிந்தவர், பிறகு சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார் என்றார். அவருடைய வயல் எங்கே என்று கேட்டேன். அந்தக் கிணறு உள்ள காணிக்கு அடுத்த காணி. கிணற்றில் எலும்பு எடுத்தது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டபோது, "பேசாலைப் பெடியனின்ர எலும்பு எண்டு சொல்லிப்போட்டினம். பிறகு நான் ஏன் கேக்கப்போறன்?" என்றார்.

9. அன்ரோனெற், வசந்தமலர் இருவரும் தங்கள் இரத்தத்தையோ உமிழ்நீரையோ பரிசோதனைக்குக் கொடுக்கச் சம்மதித்து இம்மனுவில் கையொப்பமிட்டுள்ளார்கள். புரட்டாதியில், இப்படியொரு பரிசோதனைக்கு என்ன வழி என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். எங்கள் மூவருக்கு வெளியே இந்த விடயம் தெரிந்த இடம் அது ஒன்றுதான். அதன் பெயரை நேரில் கேட்டால் சொல்வேன்.

10. ஐப்பசியில், தலைக்கவசம் கழற்றாத இருவர் இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிளில் அன்ரோனெற்றின் வீட்டுக்கு வந்தார்கள். மகனின் குழியைச் சீமெந்தால் மூடிக் கல்லறை கட்டித் தருவதாகவும், செலவு தங்களுடையது என்றும் சொன்னார்கள். நீங்கள் ஆர் தம்பி என்று கேட்டதற்கு, "வேண்டிய ஆக்கள்தான் அம்மா. பெடியன் நிம்மதியாப் படுக்கட்டும். கிண்டினா எத்தினை பேர் எழும்புவினமோ" என்று சொல்லிவிட்டு, கல்லறைக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றும் கேட்டுப் போனார்கள்.

அதே மாதம் அண்ணனைப் பார்க்கச் சிறைச்சாலைக்குப் போனேன். முன்பின் தெரியாத கைதி ஒருவன் அவரிடம் வந்து, தங்கச்சி முன்பள்ளிக்கு எந்த ரோட்டால் போகிறவ என்று கேட்டிருக்கிறான். அண்ணன் என்னைப் பார்த்து, "இனி எழுதாதை. நான் இதுக்குள்ளை பழகிட்டன்" என்றார். எட்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே விடயம் இதுதான். நான் அதற்குக் கீழ்ப்படியவில்லை என்பதைத் தாங்கள் காண்கிறீர்கள்.

11. நவம்பர் 2 ஆம் திகதி, ஆத்துமாக்கள் திருநாளன்று, ஊராரல்லாத ஒருவர் சேமக்காலையில் நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். எல்லாக் குழிகளையும் அல்ல, ஒரு குழியை. நவம்பர் 15 ஆம் திகதி காலை அன்ரோனெற் பூ வைக்கப் போனபோது குழியின் மண் ஈரப்பக்கம் மேலே வந்து, அதன்மேல் கவனமாகப் பெருக்கப்பட்டிருந்தது. வரிசையில் எல்லாச் சிலுவைகளும் தலைமாட்டில் நிற்க, கொன்ஸ்ரன்ரைனின் சிலுவை மட்டும் கால்மாட்டில் நின்றது. எங்கள் ஊரில் ஒரு சின்னப்பிள்ளைக்கும் இந்தப் பிழை வராது.

குழிக்குள் இப்போது எலும்புகள் இருக்கின்றனவா, இருந்தால் யாருடையவை என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் மண்ணைத் தொடவில்லை. தொட்டால் நாங்கள்தான் மாற்றினோம் என்று எழுதுவார்கள். ஓர் எலும்பைத் தொட்டதன் பலனை என் அண்ணன் இன்னும் அனுபவிக்கிறார்.

12. ஆகவே தங்களிடம் தாழ்மையுடன் வேண்டுவது: நீதவான் ஒருவர் முன்னிலையில் அக்குழியைத் தாமதமின்றித் தோண்டுவித்து, எலும்புகளை இவ்விரு பெண்களின் மாதிரிகளோடு ஒப்பிடச் செய்யுங்கள். சான்றுப்பொருளாக உள்ள பதக்கத்தை அழிக்கவிடாமல் தடுத்து, அதன் நூலில் படிந்துள்ள வியர்வை யாருடையது என்றும் சோதிக்கச் செய்யுங்கள்; அது என் அண்ணனுடையதாகவே இருக்கும் என்று எழுத்தில் சொல்கிறேன். குழி வெறுமையாக இருந்தால் அதையும் அப்படியே பதிவுசெய்யுங்கள். வெறுங்குழியும் ஒரு சாட்சியம்தான். கொலைகாரன் என்று தீர்க்கப்பட்டவர் சிறைக்குள் இருக்கும்போது அதை வெறுமையாக்கியவர் வேறு யாரோ.

13. இப்பரிசோதனையால் அன்ரோனெற்றுக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. அவரிடம் இருக்கும் ஒரே குழியும் போய்விடும். அதை நான் அவருக்கு மறைக்காமல் சொன்னேன். அவர், "அது என்ர பிள்ளை இல்லையெண்டால், என்ர பிள்ளை எங்கை எண்டு கேக்க எனக்கு வாய் வரும். உந்தக் குழி என்ர வாயை அடைச்சு வைச்சிருக்கு" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.

14. இம்மனுவின் பிரதிகளைச் சில இடங்களில் கொடுத்து வைத்துள்ளேன். தங்கள் பதில் வரும்போது நான் வீட்டில் இல்லாவிட்டால் அதை வசந்தமலர் அவர்களிடம் கையளிக்குமாறு வேண்டுகிறேன். அந்தக் குழியருகே நாங்கள் மூவரும் முறை வைத்து இருக்கிறோம். மாரி மழை தொடங்கிவிட்டது. பொழுதுபட்டதும் சேமக்காலைக் கதவைப் பூட்டி எங்களை வெளியே விட்டுவிடுவார்கள். ஐயா, பகலை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இரவுகளைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்.

இடம்: பேசாலை
திகதி: 2018.11.19

இங்ஙனம்,
உண்மையுள்ள,
செ. டினோஜா

சம்மதித்துக் கையொப்பமிடுவோர்:
அன்ரோனெற் (கொன்ஸ்ரன்ரைனின் தாய்), பேசாலை
ப. வசந்தமலர் (பரமநாதனின் மனைவி), அடம்பன்