நீ புள்ளடி போட்ட கட்டம்

மச்சான்,

இன்று காலையும் உன் கோப்பியைப் பொங்கவிட்டுவிட்டேன். நீ தந்த நீளக் கைப்பிடிச் செம்புக் கிண்ணம், நீ சொன்ன அளவுத் தூள், நீ சொன்ன மெல்லிய நெருப்பு, எல்லாம் சரியாகத்தான் இருந்தன. யன்னலால் ஒருக்கால் வெளியே பார்த்தேன், அவ்வளவுதான். அடுப்பெல்லாம் வழிந்து குசினி முழுக்கக் கருகிய மணம். மனுசி வந்து பார்த்துவிட்டு, தைப்பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கே என்று கேட்டுவிட்டுப் போனாள். நீ இருந்திருந்தால் தலையில் கை வைத்திருப்பாய். தமிழனுக்குப் பொங்கினால்தான் பொங்கல், கிரேக்கனுக்குக் கோப்பி பொங்கினால் கொட்டவேண்டியதுதான், இந்த ஒரு வித்தியாசமாவது உன்ரை மண்டையில் ஏறாதா என்று எத்தனை சனிக்கிழமை கேட்டிருப்பாய்.

ஏறாது மச்சான். ஓ லெவலில் கணக்குப் பாடத்தை இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் கணக்கே வென்ற மண்டை இது.

அந்தக் கருகல் மணத்தோடு கதிரையில் இருந்தபோதுதான் உனக்கு எழுதவேண்டும் என்று பட்டது. ஒரு விசயம் சொல்லாமல் கிடக்கிறது. அதற்கு வர எனக்குக் கொஞ்சம் சுற்றவேண்டும்.

நாங்கள் சந்தித்ததே என்னுடைய முட்டாள்தனத்தால்தான். வாரநாளில் அது ஒரு சாதாரண உயர்தரப் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் மொழி வகுப்புகள். கீழ்மாடியில் தமிழ், மேல்மாடியில் கிரேக்கம். நான் மெல்பேர்னின் ஓரத்தில் கிடக்கும் கிரெய்கிபர்னிலிருந்து எங்கள் சின்னவனைத் தமிழுக்கு இழுத்துக்கொண்டு வருவேன். ஒருநாள் பார்த்தால், எங்கள் நிறத்தில், எங்கள் மீசையோடு ஒருவன், ஒரு பெட்டையைக் கூட்டிக்கொண்டு படியேறுகிறான். பாவம், புது ஆள், வழி தெரியவில்லை என்று ஓடிவந்து உன் கையைப் பிடித்தேன். தமிழ் கீழே, தமிழ் கீழே என்று இழுத்தேன். உன் மகள் திரும்பி உன்னிடம் கிரேக்கத்தில் ஏதோ கேட்டாள். எனக்குக் கால் படியில் ஒட்டிக்கொண்டது.

"எனக்குத் தமிழ் வீட்டிலை கிடக்கு, மச்சான்," என்றாய் நீ. முன்பின் தெரியாதவனை எடுத்த எடுப்பில் மச்சான் என்றாய். "இவளுக்குக் கிரேக்கம்தான் இஞ்சை தேடவேண்டியிருக்கு."

பிறகு வகுப்பு முடியும்வரை கார் நிறுத்துமிடத்தில் உன் பிளாஸ்கில் இருந்த கோப்பியைக் குடித்தபடி கதை கேட்டேன். பத்தொன்பது வயதில் கிரேக்கக் கப்பலில் ஏறி, ஏதென்சின் துறைமுகத்தில் இறங்கி, வீடுகளுக்குப் பெயின்ற் அடித்து, இருபத்தெட்டு வருசம். உன் மனுசி அங்கேயே நர்ஸ் வேலை படித்து, அந்தப் படிப்பால் உங்களுக்கு மெல்பேர்ன் விசா வந்தபோது மகளுக்குப் பதின்மூன்று வயது. பிறந்த ஊர் ஏதென்ஸ், படித்தது ஏதென்ஸ், கனவு காண்பதும் கிரேக்கத்தில். அவளுடைய கிரேக்கம் கழன்றுபோகக்கூடாது என்பதற்காக நீ சனிக்கிழமைப் பெயின்ற் வேலையை விட்டிருந்தாய்.

அவளுடைய பெயர்க் கதையை இப்போதும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பேன். தியா என்று வைத்தீர்கள். கிரேக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு மாமி என்று அர்த்தமாம். ஏதென்சில் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்ட முதல் நாளே ஆறு வயதுப் பெட்டை அத்தனை பேருக்கும் மாமியாகிவிட்டாள். இருபத்தெட்டு வருசம் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று நான் கேட்டேன். "பேர் வைக்கேக்கையும் என்னட்டை இருந்தது கப்பல் கிரேக்கம்தான். கயிறு, நங்கூரம், தூசணப் பேச்சு. மாமியை எங்கை கண்டனான்?" என்றாய்.

உன் பேர்ஸுக்குள் ஒரு படம் இருக்கும். ஏதென்சில் பள்ளிக்கூட ஊர்வலத்தில், நீலமும் வெள்ளையுமாய் அந்த நாட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற பிள்ளை. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், முகத்தில் ஒரு நீதிபதியின் கண்டிப்பு. அந்த வருசம் கொடி பிடிக்கத் தெரிவானவள் அவள். அந்தப் படத்தை நீ எனக்குக் குறைந்தது இருபது தரம் காட்டியிருப்பாய். ஒவ்வொரு தரமும் நான் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அந்த அளவுக்கு எனக்கு நடிப்பு வரும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கிரேக்கப் பாடத்தில் அவள் எடுத்த புள்ளியைக் கேட்டதும் நான் எங்கள் சனத்துக்கெல்லாம் போன் அடித்து, பிள்ளை டொக்டராகப் போகிறாள் என்று சொல்லிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அடுத்த சனி நீ வந்து, அவள் ஏதென்சுக்குத் திரும்பிப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்க இலக்கியம் படிக்கப்போகிறாள் என்றாய். அதைப் படித்து என்ன வேலை எடுக்கிறது என்று கேட்டேன். நீ நிதானமாகக் கோப்பியை ஊற்றிக்கொண்டு, "நீ என்ன படிச்சு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறாய்?" என்று கேட்டாய்.

வெளிநாட்டில் வாழும் கிரேக்கக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே பல்கலைக்கழகத்தில் தனியாக இடம் இருக்கிறது, தனிப் பரீட்சை இருக்கிறது என்று மேல்மாடிப் பெற்றோர் உனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் கிரேக்கம் பேசுவதே இல்லை. உன் மகளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு கிடைக்கும் என்று நீ நினைத்தாய். நானும் நினைத்தேன். படிவத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்த அந்தச் சனிக்கிழமை நீ பிளாஸ்கைத் திறக்கவே இல்லை.

அந்தத் தனி இடத்துக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது கிரேக்க வழி வந்தவராக இருக்கவேண்டுமாம். இல்லையென்றால் வேறு ஒரு கட்டம் இருந்தது. அதற்கு மொழிச் சான்றிதழும் பள்ளிக்கூடப் புள்ளிகளும் போதும், அவளுக்கு அதில் இடம் கிடைப்பதில் பெரிய தடை இல்லை. ஆனால் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை நீ எனக்குத் தமிழில் சொன்னாய். வேறு நாட்டவர், வேறு பிறப்பினர்.

"அந்தக் கட்டத்துக்குள்ளை நான் இருபத்தெட்டு வருசம் நிண்டனான்," என்றாய். "அவளை அதுக்குள்ளை போட என்னாலை ஏலாது, மச்சான்."

அன்றைக்குத்தான் மற்றதையும் சொன்னாய். அங்கே இருந்தபோதே அவளுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருக்கலாமாம். இன்றைக்கு, நாளைக்கு, வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டாயாம். பிறகு மெல்பேர்ன் விசா வந்ததும் அதை மறந்துவிட்டாயாம். கொடி பிடித்த பிள்ளையை வேறு பிறப்பாக்கியது நான்தான் என்றாய். நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, உருப்படியாக இருந்திருக்காது.

படிவத்தை அவள் கண்ணில் படாமல் வைக்க நீ பட்ட பாடு! பெயின்ற் வானின் சீற்றுக்குக் கீழே, பிறகு கராஜில் தூரிகைப் பெட்டிக்குள், கடைசியில் என் காரின் ஸ்பெயார் சில்லுக்குக் கீழே. அவள் ஒரு பேக்கரியில் வேலை செய்துகொண்டு, அப்பா ஒன்றும் சொல்கிறாரில்லையே என்று காத்திருந்தாள். விண்ணப்ப நாளோ நெருங்கியது. கடைசியில் நீ என்னைக் கேட்டாய். "நீ சொல்லு அவளுக்கு. உன்னோடை கோவிச்சால் பரவாயில்லை. என்னோடை கோவிச்சால் நான் தாங்கமாட்டன்."

அப்படித்தான் ஒரு பின்னேரம் பேக்கரி வாசலில் அவளை ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்து விடும் வழியில் சொன்னேன். காருக்குள் நடந்ததை இப்போதைக்கு விடு. வந்து உனக்கு என்ன சொன்னேன் என்பதை முதலில் எழுதுகிறேன்.

நீ கேற்றடியிலேயே நின்றாய். அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழுதாளா என்று கேட்டாய். இல்லை, சிரித்தாள் என்றேன். இந்தக் கட்டமென்றால் இந்தக் கட்டம், அங்கே போய்த்தானே படிக்கப்போகிறேன் என்று சொல்லிச் சிரித்தாள் என்றேன். உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஸ்பெயார் சில்லைக் கிளப்பச் சொல்லி, படிவத்தை எடுத்து, என் காரின் மூடியிலேயே வைத்து, பெயின்ற் காய்ந்த விரல்களால் அந்தக் கட்டத்தில் நீயே பெரிதாக ஒரு புள்ளடி போட்டாய். கட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் போனது. திரும்பி வெளியே வந்த அவள் அதைப் பார்த்து, அப்பா, இதெல்லாம் கம்பியூட்டரில்தான் அனுப்பவேண்டும் என்றாள். பரவாயில்லை, என்ரை கையாலை போடவேண்டியிருந்தது என்றாய்.

முடிவு வருவதற்கு மூன்று கிழமை இருக்க, வேலைக்கு நின்ற வீட்டில் ஏணிக்குக் கீழே உட்கார்ந்தவன் நீ எழும்பவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்தது, மச்சான். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். போகமாட்டேன் என்று நின்றவளை உன் மனுசிதான் அனுப்பி வைத்தாள். விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டினேன். வழியில் ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும் என்று யோசித்து யோசித்து, கடைசியில் பாஸ்போட் இருக்கா என்று நாலு தரம் கேட்டேன்.

இப்போது அவளுடைய விடுதி மாடியில் இருப்பவர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்துப் பிள்ளைகள்தானாம். சிரியா, அல்பேனியா, எங்கெங்கோ. தங்களுக்கு ஒரு வட்சப் குழு வைத்து, அதற்கு அந்தக் கட்டத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது உண்மையாகவே சிரித்தாள். இங்கேயோ, கீழ்மாடிப் பெற்றோர் என்னைப் பிடித்து, கிரேக்கத்தில் படிக்கிறது எப்படி, எங்கள் பிள்ளைகளையும் எடுப்பார்களா என்று விசாரிக்கிறார்கள். நானும் உன்னைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு, முதலில் படிவத்தைக் கடைசிவரை வாசியுங்கள் என்று புத்தி சொல்கிறேன். ஓ லெவல் வாத்தியார் கேட்டால் மயங்கி விழுவார்.

போன கிழமை அவள் போன் எடுத்தாள். சாப்பாடு, குளிர், பரீட்சை என்று கதைத்துவிட்டு, திடீரென்று கேட்டாள். "அங்கிள், அண்டைக்குக் காருக்குள்ளை நான் அழுததை அப்பாவுக்குச் சொன்னீங்களா?"

"இல்லையம்மா, சொல்லவேண்டாம் எண்டு நீதானே சொன்னனீ. சிரிச்சாய் எண்டுதான் அப்பாவுக்குச் சொன்னனான்," என்றேன். வாக்குக் காப்பாற்றியவன் என்ற பெருமை வேறு என் குரலில். அந்தப் பக்கம் ஏதோ ஒரு பஸ் போனது கேட்டது.

"சொல்லியிருக்கலாம், அங்கிள்," என்றாள்.

அதனால் சொல்கிறேன். பிள்ளை சிரிக்கவில்லை, மச்சான். நான் வாயைத் திறக்க முதலே, எல்லாம் தெரியும் என்றாள். நீ படிவத்தை அச்சடித்து எடுப்பதற்கு எத்தனையோ மாசம் முதலே அதை இன்ரநெற்றில் வாசித்திருக்கிறாள். கொடிப் படத்தைப் பேர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிற மனுசனுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நீ ஒளித்த இடமெல்லாம் தெரிந்துகொண்டே தெரியாதவள்போல் நடந்திருக்கிறாள். அந்தக் கட்டத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. குடியுரிமை எடுக்காமல் விட்டதை நினைத்து நீ உன்னைத் தின்றுகொண்டிருக்கிறாய் என்று சொல்லித்தான் அழுதாள். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, மூக்குத் துடைக்க ஒன்றும் இல்லாமல், வேலைக் கையுறையை எடுத்துக் கொடுத்தேன்.

"அப்பாவிலை ஒரு பிழையும் இல்லை, அங்கிள்," என்றாள். மூன்று தரம் சொன்னவள். நான் உனக்கு ஒரு தரமும் சொல்லவில்லை.