நீட்டிய கை

மச்சானுக்கு,

உங்கள் தங்கை நலம். அது உங்களுக்கே தெரியும். வாராவாரம் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உங்களோடுதான் பேசுகிறாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு தெரியாதது போல உட்கார்ந்திருப்பேன்.

இந்த வெளிநாட்டுக் கால்பந்து கிளப்புக்கு மேனேஜராகி நாலு மாதம் ஆகிறது. சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் பத்தாம் நம்பரை எழுபதாவது நிமிடத்தில் வெளியே எடுத்தேன். அவனுக்குக் கால் இழுத்துக்கொண்டிருந்தது. கை நீட்டினேன். பார்க்காதது போல நேரே உள்ளே போய்விட்டான். அத்தனை பேர் முன்னால் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

நீங்கள் எனக்குக் கோச்சாக இருந்த அந்த இறுதி ஆட்டத்தில் என்னை வெளியே எடுத்துவிட்டு, நான் தொடாமல் போன கையை நீங்களும் பாக்கெட்டுக்குள்தான் விட்டீர்கள். படியிறங்கும்போது நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கும் அன்று கால் இழுத்தது, மச்சான்.

திங்கட்கிழமை பயிற்சிக்கு அவன் முதல் ஆளாக வந்தான். "கோவத்துல போயிட்டேன் கோச், மனசுல வெச்சுக்காதீங்க" என்று கை கொடுத்தான். அவனுக்கு இரண்டு நாள். எனக்கு ஒன்பது வருஷம்.

அடுத்த மாதம் லீவில் வருகிறோம். ஏர்போர்ட்டுக்கு நீங்களே வாருங்கள். பெட்டிகளை உங்கள் தங்கை தள்ளட்டும். என் வலது கையைக் காலியாக வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பத்தாம் நம்பர்