ரூபனுக்காக எழுதாத கடிதம்

ஆகஸ்ட் 4, செவ்வாய்
காலையில் மழை. நான் வேலை செய்யும் ஃபார்மசியில் இருமல்காரர் வரிசை. மத்தியானம் பாராளுமன்றக் குழுவின் கடிதம்: தண்டனைச் சட்டமூலம் பற்றி எங்கள் மாதர் சங்கம் வெள்ளிக்கிழமை வந்து பேசலாமாம். பேசப்போவது நான். மனுவை எழுதியவள் நான்தானே.

மனுவில் இருப்பது எங்கள் தமிழ் ஆட்களில் ஒருவரான ரூபனின் கதை. வேலைத்தலத்துக் கார் நிறுத்துமிடத்தில் கைகலப்பு. ரூபனும் ஒரு வெள்ளைக்காரரும். ஒரே குற்றச்சாட்டு. மற்றவருக்கு நன்னடத்தைப் பிணை, ரூபனுக்குப் பதினான்கு மாதம் சிறை. "இவருக்காகப் பேச இங்கே ஒருவரும் இல்லை" என்றாராம் நீதவான்.

சட்டமூலம் நிறைவேறினால், குடியேறியவர்களையும் ஆதிக்குடிகளையும் சிறைக்கு அனுப்புமுன் பின்னணி அறிக்கை கட்டாயம். நற்சான்றுக் கடிதம் இல்லாததைக் குணக்கேடாக எடுக்கக்கூடாது. நல்ல சட்டம்.

பிறகு ஏன் போய்ப் பேசப் பிடிக்கவில்லை? காரணம் தெரியும். நாளை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 5, புதன்
எழுதவில்லை.
மனுப் பிரதி 6. கறுப்புச் சப்பாத்து. ஜெகனுக்குப் பிரஷர் குளிசை. லிட்கம் ஸ்டேஷனில் ரயில் 8.10.
மீன் கருகிவிட்டது.

ஆகஸ்ட் 6, வியாழன்
சரி, எழுதுகிறேன். வழக்குக்கு முதல் ரூபனின் மனைவி சாந்தி ஃபார்மசிக்கு வந்தாள். "அக்கா, கோட்டுக்கு நற்சான்றுக் கடிதம் வேணுமாம். நீங்கள் எழுதினா ஒரு மதிப்பு." "பாப்பம்" என்று தட்டிக்கழித்தேன். பொலிஸ் கேஸில் பெயர் வந்தால் ஆட்கள் என்ன கதைப்பார்களோ என்ற பயம். சங்கத்தில் ஐந்து பேரைக் கேட்டிருக்கிறாள். ஐந்து பேரும் "பாப்பம்".

வழக்கன்று மற்றவருக்குப் பின்னால் இரண்டு வரிசை ஆட்களாம். பாதிரியார், பந்தாட்டம் பழக்குபவர், மாமன் மச்சான் எல்லாரும். ரூபனுக்குப் பின்னால் சாந்தி மட்டும். எங்கள் விழா ஒவ்வொன்றுக்கும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்கியவர் ரூபன். அழுகை வருகிறது.

ஜெகனிடம் சொன்னேன்.
"அதை ஏன் இப்ப கிளறுறீர்? கேட்டாத்தானே சொல்லவேணும்."
"கேட்டா?"
"கேக்கமாட்டினம்." டிவிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார் என் வீரப் புருஷன்.

நாங்கள் எழுதவில்லை என்று நாளை சொன்னால், உங்கள் ஆட்களே வரவில்லையே, சட்டம் எதற்கு என்பார்கள். சொல்லாவிட்டால், சாந்தி அங்கே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆகஸ்ட் 7, வெள்ளி
வெயில். ரயிலில் நின்றபடி பயணம்.

வாசித்து முடித்ததும் நரைமுடி உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்தார். ரூபனுக்காகக் கடிதம் எழுதச் சொல்லி எவரையும் கேட்கவில்லையா? கேட்டேவிட்டார். ஜெகன் வாழ்க.

"என்னைக் கேட்டார்கள். நான் எழுதவில்லை. பயம். அது என்னுடைய குணம். அதை அவருடைய குணமாக எடுத்து உள்ளே போட்டிருக்கிறீர்கள்."

அவ்வளவுதான் வாயில் வந்தது. குறித்துக்கொண்டார்கள். நிறைவேறுமோ தெரியாது.

வெளியே படியில் சாந்தி. நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"நீங்கள் பயந்தது எனக்குத் தெரியும்தானே அக்கா" என்றாள். பையிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்தாள். "திங்கட்கிழமை அப்பீல். கடிதம் இருந்தா நல்லமாம்."

"பாப்..." என்று தொடங்கிவிட்டது பாழாய்ப்போன வாய். அவள் தாளை நீட்டியபடியே நின்றாள்.

படியிலேயே இருந்து எழுதினேன். கையெழுத்தை முதலில் போட்டுவிட்டு.