தானாகப் பூட்டிக்கொள்ளும் மகாராணி

மார்ச் 4

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும் சார். "என்ன நடந்தாலும் தேதி, நேரம் போட்டு எழுதி வைங்க மேடம்" என்று போனில் சொன்னது நீங்கள்தான். இப்போது இரவு 1.40. வண்டி தானாக ஹாரன் அடித்தது. ஒன்பது தடவை. உள்ளே யாருமில்லை. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஹாரனே தேவலை.

இதுவரை ஷோரூம் சர்வீஸ் அட்வைசருக்கு. இனி எனக்கு. கொடுக்கும்போது கிழித்துவிட்டுக் கொடுக்கணும்.

வாங்கி இரண்டே நாள். கழுவித் துடைத்து, முகம் தெரிகிற மாதிரி பளபளவென்று கொடுத்தார்கள். ஆறு வருஷம் ஓடின வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று இவரும் இப்படித்தான் இருந்தார்.

மார்ச் 7

ஷோரூமுக்குக் கொண்டுபோனோம். எங்கள் வண்டி மகாராணி வாயே திறக்கவில்லை. டை — அட்வைசருக்கு இனி இதுதான் பேர், கத்தரிக்காய் கலரில் ஒன்று கட்டிக்கொண்டு வருகிறார் — கம்ப்யூட்டரில் ஒயரைச் செருகிப் பார்த்தார். "ஒண்ணுமே காட்டலையே மேடம்."

சாயங்காலம் ஷாம்பு வாசனையோடு திருப்பித் தந்தார்கள். கழுவுவது இலவசமாம். வியாதி என்னவென்று தெரியாத டாக்டர் குளிப்பாட்டி அனுப்புகிற மாதிரி.

மார்ச் 8

காலை 9.15. தொடாமலே வைப்பர் ஆடியது. மழை பெய்து மூணு மாசம் ஆகிறது.

மார்ச் 9



காலை 10.20. கடை வாசல். குட்டியைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். பையையும் சாவியையும் முன்சீட்டில் போட்டேன். கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் போவதற்குள் — டக். நாலு கதவும். தானாக.

பத்து மாசக் குழந்தை. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கு. வெயில். பக்கத்தில் நின்றவரிடம் போன் வாங்கி இவரைக் கூப்பிட்டேன். ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. இன்னொரு சாவியோடு ஓடி வந்தார். ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் குட்டி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. நான் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைப்பு. நான் கையில் கல்லை வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்னொரு நிமிஷம் ஆகியிருந்தா உடைச்சிருப்பேன். ஏன் உடனே உடைக்கல? ஏன் யோசிச்சேன்? இப்பத்தான் வாங்கின வண்டின்னா? நான் என்ன அம்மா?

மார்ச் 11

மறுபடி ஷோரூம். மறுபடி "ஒண்ணுமில்ல."

டை என்னிடம் பேசவில்லை. இவரிடம் பேசினார். "சாவியை அவங்களே தெரியாம அமுக்கியிருப்பாங்க சார். சின்னக் குழந்தை வச்சிருக்கவங்களுக்குத் தூக்கம் இருக்காது பாருங்க."

சாவி சீட்டில் கிடந்தது. யார் அமுக்கினது, சீட்டா?

திரும்பும்போது இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒருவேளை பை மேல பட்டு அமுங்கியிருக்குமோ?" என்றார்.  ராத்திரி இட்ட சாப்பாட்டில் உப்பு இல்லை. அதையும் நானே தெரியாமல் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

வண்டி மட்டும் கண்ணைப் பறிக்கிறது. மறுபடி கழுவி, டயருக்குக்கூட பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

22ஆம் தேதி லீவு முடிந்து வேலையில் சேரணும். குட்டியைக் காப்பகத்தில் விட்டு ஆபீஸ் போக இதுதான் வண்டி. இதில் எப்படி ஏற்றுவேன்?

மார்ச் 12

ஹாரன். விடியற்காலை 4.10. எதிர்வீட்டுக்காரர் இப்போது வெளியே வருவதுகூட இல்லை. பழகிவிட்டார் பாவம்.

மார்ச் 15

மானம் போச்சு. ஆனால் நல்லபடியாகப் போச்சு.

"எழுதினதைக் கொடுங்க மேடம்" என்றார் டை. குட்டி இடுப்பில், பை தோளில். அப்படியே நோட்டைக் கொடுத்துவிட்டேன். கிழிக்கவில்லை. ஞாபகம் வந்தபோது அது ஷெட்டில் எலக்ட்ரீஷியன் கையில் இருந்தது. என்னைவிடப் பத்து வயசு மூத்த அக்கா. கொண்டையில் டெஸ்டரைச் செருகியிருந்தாள். நின்றபடியே முழுசும் படித்தாள். ஓரிடத்தில் சிரிப்பை அடக்கி டையைப் பார்த்தாள், அவர் கழுத்தைப் பார்த்தாள், மறுபடி நோட்டு.

அப்புறம் சிரிக்கவில்லை.

"தங்கச்சி, ஒவ்வொரு தடவையும் கழுவித் தந்தாங்கன்னு நீ புலம்புற நாளுக்கு ரெண்டு நாளைக்குள்ளதான் கோளாறு வருது. கவனிச்சியா?"

நான் கவனிக்கவில்லை. அது புலம்பல் பக்கம் ஆச்சே.

அக்கா குழாயை இழுத்து முன்கண்ணாடி மேல் தண்ணீர் பீய்ச்சச் சொன்னாள். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டாள். கால் மணி நேரம். பிறகு — டக். நாலு கதவும். சாவி என் கையில், எல்லார் கண்ணுக்கும் தெரிய.

"முன்கண்ணாடி ரப்பர்ல ஒரு கீறல். தண்ணி அது வழியா இறங்கி, பூட்டு, ஹாரன், வைப்பர் எல்லாத்துக்கும் மூளையா இருக்குற டப்பா மேல சொட்டுது. ரெண்டு மூணு நாள்ல காஞ்சிடும். அப்ப நீ கொண்டு வர்ற. நல்லா இருக்கறப்ப செக் பண்ணிட்டு, கழுவிக் கெடுத்து அனுப்பறோம்."

டை புது டப்பாவுக்கு எழுதிப்போடக் கிளம்பினார். இவர் என்னைப் பார்த்தார். "ஸாரி," என்றார். "சாப்பாட்டுல உப்புப் போடுவியா?"

யோசிக்கிறேன்.

மார்ச் 20

சார்,

இந்த முறை கிழிக்காமல், தெரிந்தே கொடுக்கிறேன். டப்பா மாற்றியாயிற்று. அக்கா மூன்று தரம் தண்ணீர் அடித்துப் பார்த்தாள், மகாராணி அசையவில்லை. இன்று குட்டியை ஏற்றிக்கொண்டு காப்பகம் வரை போய் வந்தேன். பின்சீட்டில் தூங்கிவிட்டது. எழுப்ப மனசு வராமல் வாசலிலேயே அரைமணி நேரம் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். சாவி இடுப்பில்தான். அது இனி மாறாது.

உங்கள் டையைப் பற்றி எழுதியதற்கு வருத்தம். கலரைப் பற்றி என் கருத்து அதேதான்.

ரப்பருக்குத் தற்காலிகமாகப் பசைதான் வைத்திருக்கிறீர்கள். புது ரப்பர் எந்தத் தேதியில் வரும்? அதுவரை வண்டியைக் கழுவ மாட்டோம் என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதித் தர வேண்டும். நாளை மறுநாள் நான் வேலைக்குப் போகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.