விழப் பழகுவதற்கு ஒரு சட்டை

தாது வருஷம், தை, வெள்ளிக்கிழமை.

நாளை மகன் டவுன் மாஸ்டரிடம் ஜுஜுட்சு என்கிற ஜப்பான் குஸ்தி பழகப் போகிறான். இழுத்தாலும் கிழியாத சட்டை வேண்டுமாம். அவன் அப்பாவின் முரட்டுக் காடாத்துணிக் கோட்டைப் பிரித்துச் சிறிதாகத் தைத்தேன். அப்படியும் அந்த ஒல்லி உடம்பில் தொளதொளவென்று இருக்கிறது.

"மொதல்ல என்ன கண்ணு சொல்லித் தருவாங்க?"

"மொத மாசம் முச்சூடும் உளுகறதுதானுங்கம்மா."

இவன் அப்பா கிணற்றில் விழுந்து இறந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. வைக்கோலைப் பரப்பினேன்.

"எங்கிட்ட ஒருக்கா உளுந்து காட்டு."

தொப்பென்று விழுந்தான். எழவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"எந்திரிக்கறது ரண்டாவது மாசமுங்கம்மா," என்று படுத்தபடியே சிரித்தான்.

அடிக்கக் கை ஓங்கினேன். சட்டையில் தோள் தையல் பிரிந்திருந்தது. இப்போதுதான் அங்கே இரட்டைத் தையல் போட்டு முடித்தேன்.